நெய்வேலிக் களிமண்ணும் சாம்பலும்: தொழிற்பொருள்களின் மேம்பாட்டில் வேதிச் சேர்பொருள்களும் பலபடிகளும்

ஆய்வுச்சுருக்கம்

தொழிற்பொருள்களின் வலிமையையும் நீடித்த உழைப்பையும் உயர்த்துவதற்கு மிகச் சிறிய அளவில் சேர்க்கப்படும் வேதிப்பொருள்கள் சேர்பொருள்கள் எனப்படுகின்றன. இவற்றுள் பெரும்பாலானவை இன்று பலபடிகளாகவே உள்ளன. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிப் பகுதியில் கிடைக்கும் களிமண், அனல்மின் நிலையச் சாம்பல், அங்குள்ள எஃகுக் கட்டமைப்புகளின் மேற்பூச்சு ஆகிய மூன்றையும் எடுத்துக்கொண்டு சேர்பொருள்கள் செயற்படும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. இம்மூன்றிலும் தொழிற்படுவது ‘நுண்துகள்களைச் சிதறலாக்குதல், நீரைக் கட்டுப்படுத்துதல்’ என்னும் ஒரே அடிப்படை என்பதும், அளவும் சூழலும் அறியாது சேர்த்தால் அச்சேர்பொருளே கேடாக முடியும் என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன. அவற்றோடு, இத்துறைக்கான தமிழ்க் கலைச்சொற்களில் காணப்படும் மயக்கமும் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: சேர்பொருள், பலபடி, சிதறலாக்கி, உலர் சாம்பல், மேற்பூச்சு, நெய்வேலி, மந்தாரக்குப்பம்.

முன்னுரை

கடலூர் மாவட்டத்தில் நெய்வேலி நகரியத்தை ஒட்டி அமைந்துள்ள ஊர் மந்தாரக்குப்பம். 1956-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டு, 1957-இல் அன்றைய தலைமை அமைச்சர் சவகர்லால் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961-இல் நிலக்கரிப் படுகை வெளிப்பட்டது. 1962-இல் மின்னாக்கம் தொடங்கியது. அதன் பின்னர் மந்தாரக்குப்பத்தின் வாழ்வும் வணிகமும் சுரங்கத்தையும் அனல்மின் நிலையங்களையும் சார்ந்தே வளர்ந்தன.

நெய்வேலி என்றவுடன் நிலக்கரியும் மின்சாரமும் மட்டுமே நினைவுக்கு வருவது இயல்பு. எனினும், நிலக்கரியை எடுப்பதற்கு முன் அகற்றப்படும் மேல்மண்ணில் வெண்களிமண் கிடைக்கிறது; நிலக்கரியை எரித்த பின் சாம்பல் எஞ்சுகிறது. இவ்விரண்டும் ஒருவகையில் நிலக்கரியின் முன்னும் பின்னுமாக நிற்கும் பொருள்கள். இவற்றைக் கழிவாக ஒதுக்குவதா, தொழிற்பொருளாக உயர்த்துவதா என்பதைத் தீர்மானிப்பது வேதிச் சேர்பொருள்கள் பற்றிய அறிவே ஆகும். அவ்வறிவு ஆய்வகத்துக்குள் மட்டும் நின்றுவிடாமல் கட்டடத் தொழிலாளர்க்கும் வீடு கட்டுவோர்க்கும் சென்று சேர வேண்டுமெனில், அதனைத் தமிழில் தெளிவுற எடுத்துரைத்தல் இன்றியமையாதது. இந்நோக்கிலேயே இக்கட்டுரை அமைகிறது.

1. சேர்பொருள் – சொல்லும் பொருளும்

ஒரு தொழிற்பொருளின் ஆக்கக்கூறுகளை நான்காகப் பகுக்கலாம். துகள்களை ஒன்றோடொன்று பிணைத்து நிறுத்துவது பிணைப்பி. பருமனைத் தந்து பிணைப்பியின் தேவையைக் குறைப்பது நிரப்பி. கலவையை இளக்கிக் கையாள உதவும் நீர் முதலியன நீர்மம். இம்மூன்றின் நடத்தையையும் மாற்றுவதற்குச் சிறிதளவில் இடப்படுவது சேர்பொருள். கான்கிரீட்டில் சிமெண்ட் பிணைப்பி, மணலும் சல்லியும் நிரப்பி, நீர் நீர்மம். வண்ணப்பூச்சில் பிசின் பிணைப்பி, நிறமியும் களிமண் பொடியும் நிரப்பி, கரைப்பான் நீர்மம். இரண்டிலும் சேர்பொருளின் அளவு பெரும்பாலும் ஒரு சில விழுக்காட்டைத் தாண்டுவதில்லை.

தமிழில் இவை அனைத்தையும் ‘கலவைப் பொருள்’, ‘சேர்க்கைப் பொருள்’ என்று ஒரே சொல்லால் குறிக்கும் வழக்கம் மிகுந்துள்ளது. கட்டடக் களத்திலோ எல்லாமே ‘கெமிக்கல்’ எனப்படுகின்றன. இதனால், 25 விழுக்காடு இடப்படும் சாம்பலும் 1 விழுக்காடு இடப்படும் பலபடிக் கரைசலும் ஒரே வகைப் பொருள்களே என்னும் மயக்கம் தோன்றுகிறது. பாலிமர் என்னும் சொல்லுக்கும் பலபடி, பல்லுறுப்பி என்று தமிழகத்திலும், பல்பகுதியம் என்று இலங்கையிலும் வெவ்வேறு சொற்கள் வழங்குகின்றன. சொற்கள் பலவாக இருத்தல் குறையன்று. ஒரு சொல் பல பொருள்களை மறைத்து நிற்பதே குறை. எனவே இக்கட்டுரையில் பிணைப்பி, நிரப்பி, சேர்பொருள் ஆகிய மூன்றும் வேறுபடுத்தியே ஆளப்படுகின்றன.

சேர்பொருளைப் பயன்படுத்தும் அறிவு தமிழகத்திற்குப் புதியதன்று. சுண்ணாம்புக் காரையில் கடுக்காய் ஊறிய நீரும் வெல்லக் கரைசலும் சேர்த்தல் நம் மரபுக் கொத்தர்களின் வழக்கம். செட்டிநாட்டு வீடுகளின் பளபளப்பான சுவர்ப்பூச்சில் முட்டை வெண்கரு இடப்பட்டது. வெண்கருவின் புரதம் இயற்கைப் பலபடியே ஆகும். கடுக்காயில் இருப்பது துவர்ப்புத் தன்மையுடைய தானின். ஆனால் சுண்ணாம்புக்கு உதவிய வெல்லத்தை இன்றைய சிமெண்ட்டில் கலந்தால் விளைவு வேறாகும். மிகச் சிறிதளவு சர்க்கரையே சிமெண்ட்டின் இறுகுதலைப் பெரிதும் தாமதப்படுத்திவிடும். பிணைப்பி மாறும்போது சேர்பொருளும் மாறியாக வேண்டும் என்பதற்கு இது எளிய சான்று.

2. களிமண்: சிதறலாக்கத்தின் முதற்பாடம்

நெய்வேலியில் கிடைக்கும் களிமண்ணை மூலப்பொருளாகக் கொண்டு அருகிலுள்ள விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் வளர்ந்தது. பீங்கான் பொம்மைகளும் சிறு கலன்களும் பெரும்பாலும் வார்ப்பு முறையில் செய்யப்படுகின்றன. களிமண்ணை நீரில் கரைத்துக் குழம்பாக்கிப் பாரிசுச் சாந்து அச்சில் ஊற்றினால், அச்சு நீரை உறிஞ்ச, களிமண் அச்சின் உட்சுவரில் படலமாகப் படியும்.

இங்கு ஒரு முரண் எழுகிறது. குழம்பு எளிதில் ஊற்றும் பதத்தில் இருக்க நீர் மிகுதியாக வேண்டும். நீர் மிகுந்தாலோ, உலரும்போது பொருள் சுருங்கி வெடிக்கும். அச்சும் விரைவில் நனைந்து பயனற்றுப் போகும். இம்முரணைத் தீர்ப்பது சோடியம் சிலிக்கேட் என்னும் சேர்பொருள். உலர் களிமண்ணின் எடையில் அரை விழுக்காட்டை ஒட்டிய அளவே இதற்குப் போதும்.

இதன் செயற்பாட்டைப் பின்வருமாறு விளக்கலாம். களிமண் துகள்கள் மெல்லிய தகடுகளைப் போன்றவை. அவற்றின் முகப்பரப்பு எதிர்மின்னூட்டமும் விளிம்பு நேர்மின்னூட்டமும் பெற்றிருக்கும்போது, ஒரு தகட்டின் விளிம்பு மற்றொன்றின் முகப்பில் ஒட்டிக்கொள்கிறது. சீட்டுக்கட்டால் கட்டிய வீட்டைப் போன்ற அமைப்பு உருவாகிறது. அவ்வீட்டின் அறைகளுக்குள் நீர் சிறைப்படுகிறது. சோடியம் சிலிக்கேட் கரைசலின் காரத்தன்மையை உயர்த்தி, விளிம்பின் நேர்மின்னூட்டத்தை நீக்கி, கால்சியம் அயனிகளின் இடத்தில் சோடியம் அயனிகளை அமர்த்துகிறது. இப்போது எல்லாத் துகள்களும் ஒரே மின்னூட்டம் பெற்று ஒன்றையொன்று விலக்குகின்றன. சிறைப்பட்ட நீர் விடுபடுகிறது. நீர் கூட்டாமலேயே குழம்பு இளகுகிறது. ஆனால் அளவு மிகுந்தால் கரைசலில் அயனிகள் பெருகி, விலக்கு விசை தளர்ந்து, குழம்பு மீண்டும் தடிக்கிறது. ஆகவே சேர்பொருளுக்கு உகந்த அளவு என ஒன்று உண்டு; அதற்குக் குறைவும் மிகையும் ஒருசேரத் தீங்காகும்.

3. சாம்பல்: கான்கிரீட்டில் நிகழும் வேதிவினை

சிமெண்ட் நீருடன் வினைபுரியும்போது வலிமை தரும் கால்சியம் சிலிக்கேட் ஐதரேட்டும், வலிமைக்குப் பெரிதும் உதவாத கால்சியம் ஐதராக்சைடும் உண்டாகின்றன. அனல்மின் நிலையப் புகைபோக்கிக்குச் செல்லும் வழியில் பிரித்தெடுக்கப்படும் உலர் சாம்பலில் கண்ணாடி நிலையிலுள்ள சிலிக்கா உள்ளது. அது அக்கால்சியம் ஐதராக்சைடுடன் மெல்ல வினைபுரிந்து மேலும் கால்சியம் சிலிக்கேட் ஐதரேட்டை உருவாக்குகிறது. இத்தாலியின் பொசுவோலி ஊரின் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்புடன் கலந்து ரோமானியர் கட்டிய கட்டடங்களில் நிகழ்ந்ததும் இவ்வினையே. அதனால் இது பொசோலான வினை எனப்படுகிறது. செங்கற்பொடியைச் சுண்ணாம்பில் கலக்கும் நம் மரபுச் சுருக்கிக் காரையும் இதே வகையினது.

‘சாம்பல் கலந்த சிமெண்ட் வலுவற்றது’ என்னும் கருத்து மக்களிடையே பரவலாக உள்ளது. இதில் பாதி உண்மையே உண்டு. பொசோலான வினை மெதுவானது. ஆகையால் முதல் சில நாட்களில் வலிமை குறைவாகவே இருக்கும். போதிய ஈரம் இருந்தால் பின்னர் அவ்வலிமை ஈடாகி, நுண்துளைகளும் அடைபட்டு, கான்கிரீட் நீர்புகாத் தன்மையும் பெறுகிறது. ‘போதிய ஈரம் இருந்தால்’ என்பதே இங்கு நிபந்தனை. கான்கிரீட் கட்டுமானத்திற்கான இந்தியத் தரநிலை 456 (2000), சாதாரண சிமெண்ட்டுக்குக் குறைந்தது 7 நாட்கள் நீராற்ற வேண்டும் என்றும், சாம்பல் முதலிய கனிமச் சேர்க்கை உடையவற்றுக்குக் குறைந்தது 10 நாட்கள் நீராற்ற வேண்டும் என்றும் கூறுகிறது. வறண்ட, வெப்பமான சூழலில் இக்காலம் இன்னும் நீள வேண்டும். சாம்பல் கலந்த பொசோலானா சிமெண்ட்டில் 15 முதல் 35 விழுக்காடு வரை சாம்பல் இருக்கலாம் என்பது தரநிலை 1489-இன் வரையறை. இச்சிமெண்ட்டை வாங்கி, பழைய சிமெண்ட்டுக்குரிய நாட்களோடு நீராற்றுதலை நிறுத்திவிட்டால், சாம்பல் வினைபுரியாத வெறும் நிரப்பியாகவே எஞ்சும். அப்போது குறை சாம்பலுடையதன்று, நீராற்றாமையினுடையது.

இனி, நெய்வேலிச் சாம்பலுக்கே உரிய ஒரு செய்தியைக் காணலாம். ‘உலர் சாம்பல்’ என்னும் ஒரே சொல் வேதியியல் அடிப்படையில் இரு வேறு பொருள்களைக் குறிக்கிறது. கல்நிலக்கரியை எரிக்கும் நிலையங்களில் கிடைக்கும் சாம்பல் பொதுவாகச் சிலிக்கா மிகுந்தது. பழுப்பு நிலக்கரிச் சாம்பலிலோ சுண்ணமும் கந்தகச் சேர்மங்களும் ஒப்பீட்டளவில் மிகுதி. இந்தியத் தரநிலை 3812 இவ்வேறுபாட்டை ஏற்றுக்கொண்டு, வினைத்திறனுள்ள சுண்ணம் 10 விழுக்காட்டிற்குக் குறைந்ததைச் சிலிக்கா வகை என்றும், அதற்குக் குறையாததைச் சுண்ண வகை என்றும் பிரிக்கிறது. சிலிக்கா, அலுமினா, இரும்பு ஆக்சைடு ஆகிய மூன்றின் கூட்டளவு முதல்வகையில் குறைந்தது 70 விழுக்காடும், இரண்டாம் வகையில் குறைந்தது 50 விழுக்காடும் இருத்தல் வேண்டும்.

சுண்ணம் மிகுந்த சாம்பல் தானே ஓரளவு இறுகும் ஆற்றலுடையது. இது அதன் சிறப்பு. ஆனால் வினைபுரியாத தனிச்சுண்ணம் கான்கிரீட் இறுகிய பின் நீரேற்றம் பெற்றுப் பருத்தால் விரிசல் உண்டாகும். சல்பேட் மிகுந்தாலும் விரிவு நேரும். ஆகையால் வேறோர் அனல்மின் நிலையத்தின் சாம்பலுக்கு வகுத்த கலவை விகிதத்தை நெய்வேலிச் சாம்பலுக்கு அப்படியே பொருத்துதல் தகாது. ஒவ்வொரு தொகுதிச் சாம்பலுக்கும் விரிவுச் சோதனை செய்து பார்த்த பின்னரே விகிதத்தை முடிவு செய்தல் வேண்டும்.

4. நீரைக் குறைக்கும் பலபடிகள்

சிமெண்ட் முழுமையாக வினைபுரிவதற்கு அதன் எடையில் ஏறத்தாழ 0.38 பங்கு நீரே தேவை. அந்த அளவில் கலவை கையாள முடியாதபடி கெட்டியாக இருக்கும். அதனால் களத்தில் தண்ணீரைக் கூடுதலாக ஊற்றுகின்றனர். மிகுதி நீர் பின்னர் ஆவியாகித் துளைகளை விட்டுச் செல்கிறது. நீர்–சிமெண்ட் விகிதம் கூடக்கூட வலிமை குறையும் என்பதை டஃப் ஆப்ராம்சு 1918-லேயே நிறுவினார். களிமண் குழம்பில் கண்ட அதே முரணே இங்கும் உள்ளது. தீர்வும் அதே சிதறலாக்கமே.

இதற்கு முதலில் பயன்பட்டது இலிக்னோசல்பொனேட். காகித ஆலைகளில் மரக்கூழிலிருந்து பிரியும் இலிக்னின் என்னும் இயற்கைப் பலபடியிலிருந்து இது கிடைக்கிறது. இலத்தீனில் மரத்தைக் குறிக்கும் ‘இலிக்னம்’ என்னும் சொல்லே இலிக்னினுக்கும், பழுப்பு நிலக்கரியைக் குறிக்கும் இலிக்னைட்டுக்கும் வேர். நெய்வேலி நிலக்கரியும் மண்ணுள் புதைந்த தாவரங்களின் எச்சமே அன்றோ! இலிக்னைட்டிலிருந்து பெறும் ஹியூமிக் பொருள்கள் எண்ணெய்க் கிணறு துளைக்கும் சேற்றுக் குழம்பை இளக்கும் சேர்பொருளாகப் பயன்படுவதும் இவ்வுறவைக் காட்டுகிறது.

இலிக்னோசல்பொனேட் நீர்த்தேவையை ஏறத்தாழ 5 முதல் 10 விழுக்காடு வரை குறைக்கும். 1960-களில் சப்பானில் சல்பொனேற்றிய நாப்தலீன் பலபடியும் செருமனியில் சல்பொனேற்றிய மெலமைன் பலபடியும் உருவாக்கப்பட்டன. இவை 20 விழுக்காட்டை ஒட்டியும் அதற்கு மேலும் நீரைக் குறைத்தன. இவையெல்லாம் துகள்களுக்கு எதிர்மின்னூட்டம் தந்து விலக்குபவை. 1980-களில் சப்பானில் தோன்றிய பாலிகார்பாக்சிலேட் ஈதர் வேறு வழியையும் சேர்த்துக்கொண்டது. இதன் மூலக்கூறு சீப்பைப் போன்றது. முதுகுத் தண்டு சிமெண்ட் துகளில் ஒட்டிக்கொள்ள, பற்களாகிய பக்கச் சங்கிலிகள் நீருக்குள் நீண்டு நின்று, அடுத்த துகள் நெருங்குவதை இடத்தாலேயே தடுக்கின்றன. இதனால் 30 விழுக்காட்டிற்கு மேலும் நீரைக் குறைக்க இயலும்.

பழுப்பு நிலக்கரிச் சாம்பலைப் பயன்படுத்துவோர் இவ்விடத்தில் கருத வேண்டிய இடர் ஒன்று உண்டு. பாலிகார்பாக்சிலேட் ஒட்ட வேண்டிய அதே பரப்பிடத்திற்குச் சல்பேட் அயனிகளும் போட்டியிடுகின்றன. கரையும் சல்பேட் மிகுந்தால் பலபடி துகளில் ஒட்டாமல் கரைசலிலேயே தங்கிவிடுகிறது. கலவை எதிர்பார்த்தவாறு இளகுவதில்லை. சாம்பலில் எரியாது எஞ்சிய கரித்துகள்களும் சேர்பொருளை உறிஞ்சிக்கொள்கின்றன. இதனை அறியாத களப்பணியாளர், ‘கெமிக்கல் வேலை செய்யவில்லை’ என்று மேலும் தண்ணீரை ஊற்றுவர். அவ்வாறு ஊற்றிய கணமே சேர்பொருளுக்குச் செலவிட்ட பணமும் சாம்பலால் பெற்ற நன்மையும் வீணாகின்றன. சிமெண்ட், சாம்பல், பலபடி ஆகிய மூன்றையும் சேர்த்துச் சிறு மாதிரி செய்து பார்க்கும் ஒவ்வுமைச் சோதனையே இதற்குத் தீர்வு.

5. மேற்பூச்சு: எஃகைக் காக்கும் படலம்

நிலக்கரியைத் தோண்டும் சக்கர வாளி எந்திரங்கள், பட்டைச் சுமப்பிகளைத் தாங்கும் சட்டகங்கள், கொதிகலன் கட்டமைப்புகள் என நெய்வேலி எஃகால் ஆனது. ஈரமும் கந்தக வளிமங்களும் தூசும் உள்ள சூழலில் எஃகைக் காப்பது மேற்பூச்சு. இத்தகைய இடங்களில் பொதுவாக மூவடுக்குப் பூச்சு பரிந்துரைக்கப்படுகிறது. அடியில் துத்தநாகத் தூள் மிகுந்த எபாக்சி: துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கிறது. நடுவில் தகட்டு வடிவ நிரப்பிகள் கொண்ட எபாக்சி: தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, ஈரமும் குளோரைடும் உட்புகும் வழியை வளைத்து நீட்டுகின்றன. வெண்களிமண்ணும் இத்தகைய தகட்டு நிரப்பியே. மேலே பாலியூரித்தேன்: எபாக்சி சூரிய ஒளியில் வெளுத்துப் பொடியும் இயல்புடையதாதலால், புற ஊதாக் கதிரைத் தாங்கும் பலபடி மேலடுக்காகிறது. ஒவ்வோர் அடுக்கிலும் நிரப்பித் துகள்கள் திரளாமல் பரவியிருக்கச் சிதறலாக்கிப் பலபடிகள் சேர்க்கப்படுகின்றன. துகள் திரண்ட இடத்தில் நுண்துளை தோன்றும். துரு அங்கிருந்துதான் தொடங்கும்.

கான்கிரீட்டினுள் உள்ள கம்பிக்கும் பூச்சு உண்டு. காரைக்குடியில் 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம், கம்பிகளுக்கான சிமெண்ட்–பலபடிக் கூட்டுப் பூச்சை உருவாக்கியது. வெறும் எபாக்சிப் பூச்சு உடைந்தால் அவ்விடத்தில் காப்பு முற்றிலும் அற்றுப்போகும். அமெரிக்காவின் ஃபுளோரிடா கீசுத் தீவுப் பாலங்களில், எபாக்சி பூசிய கம்பிகள் கட்டிய சில ஆண்டுகளிலேயே துருப்பிடித்தமை 1986-இல் கண்டறியப்பட்டது. சிமெண்ட் கலந்த பூச்சிலோ சிமெண்ட்டின் காரத்தன்மை இரும்பின்மேல் காப்புப் படலத்தைப் பேணுகிறது; பலபடி அதன் துளைகளை அடைக்கிறது. இரண்டும் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகின்றன.

2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட பாம்பன் புதிய இரயில் பாலத்தில் பாலிசிலாக்சேன் பூச்சு பயன்படுத்தப்பட்டுள்ளது. கார்பன்–கார்பன் பிணைப்பின் ஆற்றல் ஏறத்தாழ 350 கிலோசூல். சிலிக்கான்–ஆக்சிசன் பிணைப்பின் ஆற்றலோ ஏறத்தாழ 450 கிலோசூல். கடற்காற்றும் கடுவெயிலும் உள்ள இடத்தில் சிலிக்கான் பலபடி நீடித்து நிற்பதற்கு இவ்வேறுபாடு அடிப்படைக் காரணமாகும். எனினும் எப்பூச்சாயினும் துருவையும் எண்ணெய்ப் பிசுக்கையும் முற்றாக நீக்கிய பரப்பின்மேல் பூசினாலன்றிப் பயன் தராது.

முடிவுரை

அனல்மின் நிலையச் சாம்பலைப் பயன்படுத்துவது குறித்து 1999 செப்டம்பர் 14 அன்று நடுவணரசு அறிவிக்கை வெளியிட்டது. 2021 டிசம்பர் 31 அறிவிக்கை அதனை முழுமையாகப் பயன்படுத்த வேண்டும் எனக் கட்டாயமாக்கியது. ஆகவே சாம்பல் இனி மேன்மேலும் வீடுகளுக்குள்ளும் சாலைகளுக்குள்ளும் வரும். அது நன்மையாக வருவதும் தீமையாக வருவதும் அதனுடன் சேரும் அறிவைப் பொறுத்ததே.

இக்கட்டுரையின்வழிப் பெறப்படும் கருத்துகள் வருமாறு:

1. பீங்கான் குழம்பு, கான்கிரீட், வண்ணப்பூச்சு ஆகிய மூன்றிலும் சேர்பொருளின் முதன்மைப் பணி துகள்களைச் சிதறலாக்குவதே. இவ்வொன்றை உணர்ந்தால் தனித்தனித் தொழில்நுட்பங்களாகத் தோன்றுபவை ஒரே நூலில் கோக்கப்படுகின்றன.

2. பழுப்பு நிலக்கரிச் சாம்பல் கல்நிலக்கரிச் சாம்பலின் வேதியியலைக் கொண்டதன்று. அதற்கான கலவை விகிதமும் பலபடித் தேர்வும் தனியே சோதித்து அறியத்தக்கவை.

3. சாம்பல் சிமெண்ட்டின் வலிமை, நீராற்றும் நாட்களைச் சார்ந்தது. விலையுயர்ந்த சேர்பொருளைவிட, கூடுதலாகச் சில நாட்கள் தண்ணீர் விடுதல் சிறுவீடு கட்டுவோர்க்குப் பெரும்பயன் தரும்.

4. பிணைப்பி, நிரப்பி, சேர்பொருள் என்னும் சொற்களை வரையறுத்து ஆளுதல் தமிழில் இன்றியமையாதது. மூட்டையின்மேல் அச்சிடப்படும் அறிவுரையும் கொத்தனாருக்குத் தரப்படும் விளக்கமும் அச்சொற்களில் அமையும்போதே, எதனை எவ்வளவு சேர்ப்பது என்னும் கேள்வி களத்தில் எழும்.

நெய்வேலி மண்ணுக்கு மேலும் கீழும் கிடைப்பவற்றைப் பயன்கொள்ளும் தொழில்நுட்பம் வளர்ந்துள்ளது. அதனை அம்மண்ணில் வாழ்வோரின் மொழியில் எடுத்துரைக்கும் பணி இனித் தமிழாய்வாளர்க்கும் அறிவியல் ஆய்வாளர்க்கும் பொதுவானதாகும்.